உறைகளைக் காவல் காத்தவள்

மூடிய கதவுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டவர்கள் உங்களில் யாரேனும் உண்டா? உண்டென்றால் நாம் ஒரே வகுப்பு. நமக்கெல்லாம் இப்போது தலைக்குச் சாயமும் முழங்காலுக்குத் தைலமும் தேவைப்படுகிற வயது. இந்த வயதில் பழையதை நினைத்தால் மனது இளகும் என்கிறார்கள். எனக்கு இளகவில்லை. கோபம்தான் வருகிறது, முப்பது வருடமாக. அதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கன்டோன்மென்ட் பக்கம், காக்ஸ் டவுனில் இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினாலு வயது, அண்ணனுக்குப் பதினேழு. காலேஜில் பி.யூ.சி. சேர்ந்த கையோடு அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டெல்லாம் பாட்டே இல்லை என்கிற பைத்தியம். அவன் கேட்டவை இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் ஏழாகும், பிறகு ஒன்பதாகும். ஆர்கன் ஒரு பக்கம் மலை ஏறும், வயலின் இன்னொரு பக்கம் இறங்கும், எல்லாரும் எங்கோ தொலைந்துபோனார்கள் என்று நாம் நினைக்கும்போது சரியாக ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள். புரோக்ரஸிவ் ராக் என்று பெயர். எழுபதுகளில் இங்கிலாந்தில் ஓங்கி, அங்கேயே மவுசு இழந்துவிட்ட சங்கதி. நம் ஊர்ப் பையன்கள் சிலர் இருபது வருடம் கழித்து அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

பிடித்துக்கொள்வது சுலபமாக இல்லை. இங்கே அச்சடித்து விற்ற கேசட்டுகளில் பாட்டின் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்காது. காகிதம் மிச்சம் பிடிக்க வெட்டிவிடுவார்கள். மற்ற பாட்டுக்கு அது பரவாயில்லை. இந்தப் பாட்டுக்கு அதுதான் உயிர். ஏனென்றால் இந்த ஆட்கள் ஒரு குழுவில் நிலையாக இருந்ததே இல்லை. டிரம்மர் இங்கே இரண்டு வருடம், அங்கே ஒரு வருடம். பாடகர் சண்டை போட்டுக்கொண்டு போவார். கீபோர்டு வாசிப்பவர் மூன்று குழுக்களில் மாறி மாறித் தலைகாட்டுவார். ஒருவனுடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவன் நம்மை அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவான், அங்கிருந்து இன்னொருவன் அதற்கடுத்த வீட்டில். பெயர் தெரியாவிட்டால் முதல் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

எங்கள் சர்ச்சில் ஒருவரிடம் பெயர்கள் இருந்தன. அரசாங்க ஃபேக்டரி இஞ்சினியர். அவருடைய மைத்துனர் கப்பலில் வேலை பார்த்தவர், துறைமுகம் துறைமுகமாக வாங்கி அனுப்பிய எல்.பி. ரெக்கார்டுகள் அவர் வீட்டில் அலமாரி அலமாரியாக இருந்தன. அவரை நாங்கள் அங்கிள் என்போம். கேசட்டில் பதிந்து தரச் சொன்னால் தரமாட்டார். “டேப்புல ஏத்தினா பாட்டு செத்துடும் மேன். வந்து கேளு.” ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டு முன்னறையில் கச்சேரி நடக்கும். அண்ணனும் இன்னும் நாலைந்து பையன்களும் தரையில் சப்பணமிட்டு உட்காருவார்கள்.

நான் எப்படி அங்கே போனேன்? அம்மா அனுப்பினாள். அண்ணன் பாட்டுக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எங்காவது சிகரெட் குடிக்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம். “நீயும் கூடப் போ” என்றாள். அதே மூச்சில், “பசங்க உக்காந்திருக்கிற ரூமுக்குள்ள போகாத. ஆன்ட்டிகூட இரு” என்றாள். உளவு பார்க்கப் போகலாம், உள்ளே போகக் கூடாது. இந்த உத்தியோகத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்.

அங்கிள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ரெக்கார்டு சுற்றுகிற அறையில் அதன் உறை இருக்கக் கூடாது. பையன்கள் வடை தின்ற விரலோடு உறையைத் தொடுவார்கள், மடியில் வைத்துக்கொண்டு படிப்பார்கள், படித்தால் கேட்கமாட்டார்கள். ஆகவே அவர் ரெக்கார்டை உருவிக்கொண்டு, உறையைச் சாப்பாட்டு மேசையில் விரித்த துண்டின்மேல் வைத்துவிட்டுப் போவார். “பாத்துக்கோம்மா, தண்ணி கிண்ணி படாம.” கதவு சாத்தப்படும். ஃபேன் சத்தமும் கூடாது என்று அதையும் நிறுத்திவிடுவார்.

உள்ளே ஆறு பேர் கேட்டார்கள். வெளியே நான் படித்தேன்.

அந்த உறைகளின் வாசனை எனக்கு இன்னும் தெரியும். பழைய அட்டை, கற்பூர உருண்டை, லேசாக டீசல். இரண்டாக விரியும் உறையின் உள்பக்கத்தில், எறும்பு போன்ற எழுத்தில், யார் எதை வாசித்தார், எந்த ஸ்டூடியோ, யாருக்கெல்லாம் நன்றி என்று இருக்கும். எனக்குப் பிடித்தது ‘இன்னாருடைய அனுமதியோடு’ என்று முடிகிற வரி. இரவல் வந்தவன் என்று அர்த்தம். இரவல் வந்தவனுக்குச் சொந்த வீடு ஒன்று இருக்க வேண்டும். ஒரு உறையில் நன்றி சொல்லப்பட்டவன், அடுத்த வாரம் வேறொரு உறையில் மெல்லோட்ரான் என்கிற பழைய கீபோர்டை வாசித்துக்கொண்டிருப்பான். அதைக் கண்டுபிடிக்கிற நொடியில் எனக்குக் காது இரண்டும் சூடாகும். எழுந்து ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். ஆன்ட்டிதான் இருப்பார்கள், வெங்காயம் நறுக்கிக்கொண்டு.

சர்ச்சின் மாதாந்திரத் தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பி, மைதாப் பசையால் ஒட்டி, பெரிய தாளாக்கினேன். டிரம்மர்களுக்குச் சிவப்பு, கிதாருக்குப் பச்சை, பாடகர்களுக்கு நீலம். அம்பு போட்டுப் படம் வரைந்தேன். எனக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மா சர்ச் வாசலில் யாரைப் பார்த்தாலும் செய்வதுதான். “கோலார் தங்கவயலா? எந்த லைன் வீடு? டீச்சர் வீட்டுக்கு எதிர்லயா?” என்பாள். நாலாவது வாக்கியத்தில் அந்த மனிதர் எங்களுக்குச் சித்தப்பா ஆகியிருப்பார். நானும் அப்படியே முறை வைத்தேன். கோபித்துக்கொண்டு போய்ப் புதுக்குழு தொடங்கியவன் தனிக்குடித்தனம். இரண்டு குழுவுக்கும் பொதுவாக ஒருவன் இருந்தால் அவை சம்பந்தி வீடுகள். விலகிய டிரம்மர் இடத்துக்கு வந்தவன் இரண்டாம் தாரம்.

ஒருநாள் அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். பெருமையாகத்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “இவ்ளோ ஆம்பளைங்க பேரை எதுக்குடி எழுதி வெச்சிருக்க?”

அண்ணனுக்கு அது எதற்கு என்று உடனே புரிந்தது. சனிக்கிழமை சாயங்காலமானால் என் பக்கத்தில் வந்து உட்காருவான். “நாளைக்கு எத கேக்கலாம்?” நான் தாளில் விரலை ஓட்டிச் சொல்வேன். “போன வாரம் கேட்டதுல ஆர்கன் வாசிச்சவரு, அதுக்கு முன்னாடி இன்னொரு குழுவுல இருந்திருக்காரு. பச்சை அட்டை. மேல் தட்டுல இருக்குது.” மறுநாள் அவன் அதைத் தன் வாயால் கேட்பான். அங்கிளுடைய புருவம் உயரும். “பரவால்லயே மேன்.” இப்படியே ஏழெட்டு வாரம். அங்கிள் வீட்டு ரெக்கார்டுகளை அவரே மறந்திருந்த வரிசையில் என் அண்ணன் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கவைத்தான். அதாவது, நான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. உள்ளே போய்க் கேட்க வேண்டும். இந்த மனிதர்களின் பிறப்பு, பிரிவு, மறுமணம் எல்லாம் எனக்குத் தெரியும். குரல் தெரியாது. அண்ணனுடைய ஹெட்போனிலிருந்து ஒழுகிய இரண்டு குழுக்களைத் தவிர வேறொன்றும் நான் கேட்டதில்லை.

டிசம்பர் வந்தது. காக்ஸ் டவுன் மார்க்கெட் முழுக்க அவரைக்காய் குவிந்தது. உங்களுக்குத் தெரியும், அந்தப் பருவத்தில் நம் ஊருக்கே ஒரு பச்சை வாடை வரும். ஆன்ட்டி ஊறவைத்த அவரையைத் தோல் பிதுக்க என்னைக் கூப்பிடுவார்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் பருப்பு துள்ளிப் போய்ப் பாத்திரத்தில் விழும், தோல் கையில் நிற்கும்.

அந்த டிசம்பரில்தான் என் தாளில் ஒரு ஓட்டையைப் பார்த்தேன். வயலின் வாசிக்கும் ஒருவர், நாங்கள் தாடிக்காரர் என்போம், ஒரு குழுவிலிருந்து விலகி, ஒன்றரை வருடம் கழித்துத்தான் வேறொன்றில் வருகிறார். இன்னொரு குழுவின் டிரம்மர், படத்தில் எப்போதும் சட்டை இல்லாமல் இருப்பவர், அதே ஒன்றரை வருடம் காணவில்லை. திரும்பி வந்தபின் இருவருமே தங்கள் தங்கள் ரெக்கார்டில் ஒரே ஆளுக்கு நன்றி சொல்கிறார்கள். ஒலிப்பதிவு செய்கிறவர், சின்ன ஸ்டூடியோக்காரர். அந்த ஆளின் பெயர் வேறெங்குமே வரவில்லை. அப்படியானால் நடுவில் இருவரும் சேர்ந்து, அந்த ஸ்டூடியோவில், எதையோ செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு ரெக்கார்டை நான் பார்த்ததில்லை. இருந்தே ஆகவேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

அண்ணனிடம் சொன்னேன். ஞாயிறன்று அவன் கேட்டான். கதவு இன்னும் சாத்தவில்லை, எனக்கு எல்லாம் கேட்டது.

“அங்கிள், தாடிக்காரரும் சட்டையில்லாதவரும் நடுவுல ஒரு வருஷம் ஒண்ணா வாசிச்சாங்களா?”

“யார் மேன் உனக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லல அங்கிள். கேட்டுக் கேட்டு, எனக்கே தோணுச்சு.”

“பாருங்கடா. இவனுக்கு இருக்கிறது காது. நீங்கள்லாம் வெச்சிருக்கிறது மசால்வடை.”

இரும்பு பீரோ திறக்கும் சத்தம். துணி சுற்றி வைத்திருந்த ஒரு ரெக்கார்டு. உறையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மண் நிறம், வயல் நடுவே பாதியில் முடிகிற ஒரு படிக்கட்டின் படம். என் கை முழுக்க அவரைத் தோலின் பிசுபிசுப்பு. தொடாமல் குனிந்து படித்தேன். தாடிக்காரர், வயலின். சட்டையில்லாதவர், டிரம்ஸ். ஒலிப்பதிவு, அதே ஆள். பதினாலு வயதில் நான் எதையும் அவ்வளவு சரியாகச் செய்ததில்லை. அதன்பிறகும் அதிகம் செய்ததில்லை.

கதவு சாத்திக்கொண்டது. நான் போய் அதில் காதை வைத்தேன். தேக்குக் கதவு. தடித்த சத்தத்தை மட்டும் வெளியே விடும், மெல்லியதை வைத்துக்கொள்ளும். வயலின் துளியும் வரவில்லை. பேஸ் கிதாரின் தும் தும் மட்டும் மரத்தில் ஊறி என் கன்னத்துக்கு வந்தது. இதற்கா? கதவைத் தள்ளினேன்.

ஆறு முகமும் திரும்பின. அங்கிள் ஊசியைத் தூக்கினார்.

“என்னம்மா, ஆன்ட்டி கூப்பிடுறாங்களா?”

“இல்ல அங்கிள். நானும் கேக்கணும்.”

ஒருவன் மூக்கால் சிரித்தான். அங்கிள் கோபப்படவில்லை. அன்பாகத்தான் பேசினார், அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. “இது உனக்குப் புடிக்காதும்மா. தலைவலி வரும். கிறிஸ்மஸ் கேரல் ரெக்கார்டு போடும்போது கூப்பிடுறேன், என்ன?”

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும். இவதான் கண்டுபிடிச்சா அங்கிள். மூன்றே சொல். அவன் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையை இழுத்துக்கொண்டிருந்தான். “கதவச் சாத்திட்டுப் போ. தூசி வருது” என்றான்.

தூசி வருகிறதாம்.

இனி நான் செய்தது. வருந்தவில்லை, ஆகவே முழுதாகச் சொல்கிறேன். எங்கள் சர்ச்சின் இடப்பக்கச் சுவரில், மூன்றாவது ஜன்னல் அருகே, ஒரு பித்தளைப் பலகை இருக்கும். வெள்ளைக்காரப் படையின் இளம் அதிகாரி ஒருவர் இந்தக் கன்டோன்மென்ட்டில் இருபத்திரண்டு வயதில் காய்ச்சலில் செத்ததற்காக, கூட இருந்தவர்கள் வைத்த பலகை. அவர் பெயரை எடுத்து என் தாளில் எழுதினேன். பேஸ் கிதார். மூன்று குழுக்களுக்கு நடுவே, மூன்று அம்புக்குறிகளோடு, பச்சை மையில். கதவு எனக்கு பேஸ் கிதாரை மட்டும்தானே கொடுத்தது, அதற்கொரு ஆளை நானே வைத்துக்கொண்டேன். அண்ணன் சனிக்கிழமை அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனான்.

மறுநாள், கதவு சாத்துவதற்கு முன்பே, பெயரைச் சொன்னான். அங்கிள் தெரியாது என்பார், அண்ணன் விழிப்பான் என்று காத்திருந்தேன்.

“ம்ம்... ஆமா” என்றார் அங்கிள். “கேட்டிருக்கேன். ரெண்டு ரெக்கார்டுல வர்றான். அதிகமா வாசிக்கமாட்டான் மேன். ஆனா அந்த டச் இருக்கு பாரு, வேற யாருக்கும் வராது.”

“ஆமா குரு” என்றான் கண்ணாடி போட்ட ஒரு நண்பன், அண்ணனிடம். “எங்க கசின்கூடச் சொல்லியிருக்கான்.”

சிரித்திருக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்து நூறு வருடத்துக்குமேல் ஆன ஒரு ராணுவக்காரனைப் பெயரை மட்டும் கேட்டு உள்ளே விட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். உயிரோடு நின்ற என்னைத் தூசி என்று வெளியே அனுப்பினார்கள்.

இரண்டு வாரத்தில் அண்ணன் என் தாளை ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தான். வலது மூலையில், பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல, தன் பெயரும் வகுப்பும். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கச்சேரி முடிந்து எல்லாரும் மேசைக்கு டீ குடிக்க வந்தபோது சொன்னேன்.

“அங்கிள், அந்த பேஸ் கிதார்காரர்னு யாருமே இல்ல. நான்தான் எழுதினேன். நம்ம சர்ச்சுல மூணாவது ஜன்னல்கிட்ட பித்தளைப் பலகையில இருக்கிற பேரு அது.”

அங்கிளுடைய கோப்பை பாதியில் நின்றது. அண்ணனைப் பார்த்தார். “என்ன மேன் சொல்றா உன் தங்கச்சி?”

அண்ணனுக்கு முன்னால் இரண்டு வழி. தாள் என்னுடையது என்று ஒப்புக்கொள்ளலாம், அல்லது என்னைப் பொய்க்காரி ஆக்கலாம். அவன் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“பொறாமை அங்கிள். உள்ள விடலன்னு. அவளுக்கு என்ன தெரியும்? ஒரு பாட்டுகூட முழுசாக் கேட்டதில்ல.”

அந்தக் கடைசி வாக்கியம் உண்மை. பொய்க்கு நடுவில் அந்த ஒரு உண்மையைச் செருகினான் பாருங்கள், அதுதான் குத்தியது.

“போய்ப் பாத்துக்கோங்க” என்றேன். “நாலு தெரு தள்ளித்தானே இருக்கு.”

அங்கிள் கோப்பையை வைத்தார். “பலகையில இருந்தா என்னம்மா? ஒரே பேர்ல ரெண்டு ஆள் இருக்கக் கூடாதா?”

பையன்கள் சிரித்தார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பலகைக்கு அடியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவர்கள், ஒருவன்கூடத் தலையைத் தூக்கவில்லை.

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். பெண்கள் சங்கத்தில் அந்தப் பலகைகளைப் புளி போட்டுத் தேய்ப்பது ஆன்ட்டியின் பொறுப்பு. மாதம் ஒருமுறை, வருடக்கணக்காக. அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் அவர்கள் விரலுக்குத் தெரியும். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கடைசி அவரையைப் பிதுக்கிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, “முடிஞ்சிருச்சு. கைய கழுவிக்கோ” என்றார்கள். அன்று அங்கிளைவிட, அண்ணனைவிட, எனக்கு ஆன்ட்டிமேல்தான் கோபம். இன்று யோசித்தால், அந்தக் கதவுக்கு வெளியே என்னைவிடப் பல வருடம் அதிகமாக நின்றவர் அவர். அதனால் கோபம் குறைகிறதா என்றால், இல்லை. கூடுதலாக ஒருவருக்காகவும் வருகிறது, அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஞாயிறு முதல் உறைகள் மேசைக்கு வரவில்லை. உள்ளேயே, அங்கிள் மடியில். வீட்டில் அம்மா, “பெரிய மனுஷரைப் பொய் சொல்றாருன்னு சொன்னியாமே” என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு என்னை அனுப்புவதையே நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம், அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றுமே நடக்காததுபோல. “நாளைக்கு எத கேக்கலாம்?”

“நாலாவது ஜன்னல்கிட்ட இன்னொருத்தரு இருக்காரு” என்றேன். “அவரு ஃப்ளூட் வாசிப்பாராம். கேளு.”

எழுந்து போனான். அதன்பிறகு கேட்கவில்லை. அவனுக்குக் கேட்க வேறொன்றும் இருக்கவும் இல்லை. அங்கிள் பழைய பத்து ரெக்கார்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டார் என்று கேள்வி. அவரைக்காய்ப் பருவமும் முடிந்தது, பரீட்சை வந்தது, பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். என்னுடைய அசல் தாள் எங்கே போனது என்று அண்ணனுக்கே தெரியாது. அங்கிளின் மகன் பிற்பாடு ரெக்கார்டுகளை மொத்தமாக யாருக்கோ கொடுத்துவிட்டான்.

இப்போதெல்லாம் சிரமமே இல்லை. போனில் ஒரு குழுவைத் தட்டினால் அதன் சம்பந்திகள் எல்லாரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள். போன மாதம் ஒரு வேலைநாள் முற்பகல், பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, படிக்கட்டுப் படம் போட்ட அந்த ரெக்கார்டைத் தேடினேன். இத்தனை வருடம் தேடாமல் இருந்ததற்குக் காரணம் கேட்காதீர்கள். இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று முழுதாகக் கேட்டேன்.

நன்றாகவே இல்லை.

வயலினும் ஆர்கனும் ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்காமல் கத்துகிறார்கள். டிரம்மர் பஸ்ஸைத் தவறவிட்டவர்போல ஓடுகிறார். எங்குமே ஒன்றாக வந்து சேரவில்லை. அவர்கள் ஒரு வருடத்தில் ஏன் பிரிந்தார்கள் என்று இரண்டாவது பாட்டிலேயே புரிந்துவிடுகிறது. பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை போலிருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். பதினாலு வயதில் அந்த அறையில் உட்கார்ந்து, ஐந்தே நிமிடத்தில், இது நல்லா இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஈரத் துணியை அப்படியே விட்டுவிட்டு அண்ணனுக்கு போன் போட்டேன். அவன் கல்யாண் நகரில் இருக்கிறான், ஆபீஸில் மீட்டிங்குக்குப் போகிற அவசரத்தில் எடுத்தான்.

“அது நல்லாவே இல்ல” என்றேன்.

“எது?”

“படிக்கட்டுப் படம் போட்டது. தாடிக்காரரும் சட்டையில்லாதவரும்.”

அவன் சிரித்தான், பழைய நண்பனைப் பார்த்ததுபோல. “அட, அதுவா. எங்க யாருக்குமே புடிக்கல. அன்னிக்கே.”

“அப்ப ஏன் எல்லாரும் தலைய ஆட்டிட்டு உக்காந்திருந்தீங்க?”

“அங்கிள் கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தாரு. மூஞ்சி அப்படி இருந்துச்சு. யாரு போய்ச் சொல்றது?”

“நான் சொல்லியிருப்பேன்” என்றேன்.